செட்டிநாட்டுப் பக்குவத்தில் மீன், இறால், நண்டு: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய கடைகளில் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சிவப்பையும் மேலே மிதக்கிற எண்ணெயையும் வீட்டில் கொண்டுவர வேண்டும் என்று இறங்குகிறவர்கள் நிறைய. அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீடுகளில் வைக்கிற மீன் குழம்பில் பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி எல்லாம் பெரும்பாலும் சேராது. அவை கறிக்கும் கோழிக்கும் உரியவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்களின் ஊர் இது. வாசனைச் சாமானுக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தும் மீன் என்று வந்தால் கை தானாகச் சுருங்கிவிடும். மீனுக்கு வேண்டியது கொஞ்சமான சாமான், புதிதாக வறுத்துப் பொடித்த மசாலா, அளவான புளி. இவற்றைவிட முக்கியம், அடுப்பை எப்போது அணைப்பது என்பது.

வேலைக்கோ படிப்புக்கோ காரைக்குடிப் பக்கம் வந்து ஒரு பர்னர் அடுப்போடு தங்கியிருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மண்சட்டி, ஒரு தோசைக்கல், ஒரு சின்ன மிக்ஸி ஜார் இருந்தால் போதும். வாடகை வீடாக இருந்தால், மீன் சமைப்பதில் வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குடி வந்தபின் தெரிந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

வாங்குவது

செட்டிநாடு வறண்ட பூமி. ஆனால் கடல் அப்படியொன்றும் தூரமில்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. அறந்தாங்கி வழியாகப் போனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். எல்லாமே பாக் நீரிணைக் கரை. விடிகாலையில் அங்கே கரையேறிய மீன் அன்று காலையே இங்கே கடைக்கு வந்துவிட முடியும். அதனால் காலையில் சீக்கிரம் போகிறவருக்கு நல்ல மீன்.

அந்தக் கரையில் விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. இடைவெளி நாட்களில் நாட்டுப்படகுகள் போகும். ஆகவே இன்று கிடைத்த மீன் நாளை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இன்ன மீன்தான் வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு போவதைவிட, போய்ப் பார்த்து அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கி, அதற்கேற்ற சமையலை யோசிப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், பெரிய மீன் விலை ஏறிவிடும். அப்போது நாட்டுப்படகில் வரும் சிறுமீன், கண்மாய் மீன், கருவாடு இவற்றை நம்ப வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாகப் புரட்டாசியிலும், கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் வாங்குகிற ஆள் குறைவதால் விலை இறங்கும். உங்களுக்கு விரதம் இல்லையென்றால் அதுதான் பழகுவதற்கு ஏற்ற காலம்.

முதல்முறை வாங்குகிறவர்கள் முள் குறைந்து, சதை கெட்டியாக இருக்கிற மீனாகப் பாருங்கள். விளைமீன், பாறை, கொடுவா, வஞ்சிரம். வஞ்சிரம்தான் உசத்தி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வறுவலுக்கு அது சரி. குழம்புக்கு அந்த விலையை நான் கொடுக்க மாட்டேன், விளைமீனும் பாறையும் இன்னும் ருசியாக இருக்கும். காரல், சாளை, ஊடகம் எல்லாம் ருசியில் யாருக்கும் சளைத்தவை அல்ல, முள்தான் அதிகம். கை பழகியபின் அவற்றுக்கு வரலாம்.

நல்ல மீனை அறிய ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். ஆனால் செவுளைச் சிவப்பாகக் காட்ட வழி தெரிந்தவர்கள் உண்டு. அதனால் கண்ணையும் பாருங்கள்: தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும், குழிவிழுந்து வெளுத்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். வயிறு பிளந்திருந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ நகர்ந்துவிடுங்கள். நல்ல மீனில் கடல் வாசம்தான் வரும், மூக்கைச் சுளிக்க வைக்கிற நாற்றம் வராது. இறாலில் தலை உடம்போடு ஒட்டியிருக்கிறதா, கறுப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நண்டு உயிரோடு இருப்பது உத்தமம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். அமாவாசையை ஒட்டி நண்டில் சதை இருக்கும், பௌர்ணமிக்கு இருக்காது என்று சொல்வார்கள். நாள் பார்ப்பதைவிடத் தூக்கிப் பார்ப்பது நிச்சயம்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். காரமாகச் சமைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இங்கே நினைக்கக் கூடாது. வாங்கும்போதே ஐஸில் இருந்ததா என்று பார்ப்பதுதான் வழி.

வெட்டிக் கொடுப்பவரிடம் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். “அக்கா, அரைக்கிலோ விளைமீன், குழம்புக்குத் துண்டு போட்டுக் குடுங்க, தலையையும் சேத்துப் போடுங்க” என்றால் போதும். வறுவல் துண்டு அரை அங்குலக் கனம் இருக்கலாம். குழம்புத் துண்டு அதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடையும். தலையை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். குழம்பின் ருசியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

கழுவுவது

கடையிலேயே சுத்தம் செய்து கொடுத்தாலும் வீட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள், முதுகெலும்பை ஒட்டிய ரத்தத்தையும் வழித்துவிடுங்கள். கசப்புக்கும் கவிச்சைக்கும் இவைதான் காரணம். கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடைசியாக அரிசி கழுவிய தண்ணீரில் ஒருமுறை அலசினால் வாடை இன்னும் குறையும். கடல்மீனின் கவிச்சைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு அடக்கிவிடும், ஆகையால் எலுமிச்சையும் நல்லதே. ஆனால் வெறும் எலுமிச்சைச் சாற்றில் அதிக நேரம் ஊற விட்டால் சதை வெளுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். தடவிய ஐந்தாவது நிமிடம் கழுவிவிடுங்கள்.

இறாலில் தலையையும் ஓட்டையும் நீக்கி, முதுகில் கத்தியால் கீறிக் கறுப்புக் குடலை உருவ வேண்டும். ஒரு கிலோ வாங்கினால் உரித்தபின் கையில் நிற்பது ஏறக்குறைய பாதிதான். கணக்குப் போட்டு வாங்குங்கள்.

ஒரே பொடி

கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பொடியே போதும். வரமிளகாய் 10, மல்லி 3 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து. மிளகாய்க்குப் பக்கத்து ஜில்லாவின் ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற, குட்டையாக உருண்டு இருக்கும் மிளகாய் அது. காரத்தோடு வாசனையும் தரும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் வறுங்கள். மல்லி வறுபடும் நேரம் வேறு, சீரகம் பொரியும் நேரம் வேறு. ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். வெந்தயம் பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். அது கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அப்புறம் எதைப் போட்டாலும் மாறாது. ஆறியபின் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த வாசனை போய்விடும், கொஞ்சமாகவே செய்யுங்கள்.

முதலில் வறுவல்

குழம்பில் ஆரம்பிக்காமல் வறுவலில் ஆரம்பியுங்கள் என்பேன். தவறு எங்கே நடக்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

அரைக்கிலோ மீனுக்குச் சின்ன வெங்காயம் 4, பூண்டு 5 பல், சோம்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து விழுதாக அரைத்து, மேலே சொன்ன பொடியில் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தபின் இதைத் தடவி, அரைமணி நேரம் வையுங்கள்.

தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்துக் கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி ஊற்றி, அது சூடானபின் துண்டுகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். நான்கு நிமிடம் கரண்டி தொடவே கூடாது. மசாலா கல்லில் ஒட்டுவதற்குக் காரணம் மூன்றுதான்: மீனில் ஈரம், சூடாகாத கல், அவசரப்பட்ட கை. அடிப்பக்கம் பொரிந்துவிட்டால் துண்டு தானே விட்டுக்கொடுக்கும், தள்ளினால் நகரும். அப்போது திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். கடைசியில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை அதே எண்ணெயில் போட்டு எடுத்து மேலே தூவுங்கள்.

குழம்பு

இதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். நான்கு பேருக்கு, அரைக்கிலோ மீனுக்கு அளவு சொல்கிறேன்.

எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் குழம்பு நிற்காது. கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி சோம்பு தாளித்துக் கறிவேப்பிலை போடுங்கள். உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 12 பல். பாதியை முழுசாகவும் பாதியை நறுக்கியும் போடலாம், நறுக்கியது கரைந்து குழம்புக்குத் திடம் தரும். பெரிய வெங்காயம் வேண்டாம். அதன் இனிப்பு வேறு மாதிரி. வெங்காயம் கண்ணாடிப் பதம் தாண்டிச் சிவக்கத் தொடங்கியதும் தக்காளி 2, கீறிய பச்சை மிளகாய் 2 சேர்த்துத் தக்காளி மசிந்து எண்ணெய் ஒதுங்கும்வரை வதக்குங்கள்.

இப்போது பொடி 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. தீயைத் தணித்து அரை நிமிடம் கிளறியதும் புளிக்கரைசலை ஊற்றி, இரண்டு டம்ளர் தண்ணீரும் உப்பும் சேருங்கள். இங்கிருந்து குறைந்தது 15 நிமிடம் குழம்பு மட்டும் கொதிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மீனைப் போட்டுவிடுகிறார்கள். புளியின் பச்சை வாசனை போக நேரம் பிடிக்கும், மீன் வேக நேரம் பிடிக்காது. இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், புளி பக்குவமாகும் முன்பே மீன் கரைந்து முள்தான் மிஞ்சும். ஆகவே குழம்பை முழுக்க முடித்துக்கொண்டு, கடைசியில்தான் மீன்.

மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைக் கால் தேக்கரண்டி சோம்போடு நைஸாக அரைத்து ஊற்றி, ஒரு கொதி வரவிடுங்கள். தேங்காய் இல்லாமல் வைக்கிற வீடுகளும் உண்டு. அது மறுநாளுக்குத் தாங்கும், காரம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். இரண்டும் சரிதான். இந்த இடத்தில் சுவைத்துப் பாருங்கள். புளிப்பும் காரமும் உப்பும் ஒரு இழை கூடுதலாகவே தெரிய வேண்டும், மீன் விழுந்ததும் அது தணிந்துவிடும். புளிப்பு மிஞ்சிவிட்டால் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காமல் துளி வெல்லம் போடுங்கள். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து நாலு மாங்காய்த் துண்டு சேர்க்கலாம்.

முதலில் தலை. இரண்டு நிமிடம் கழித்து மற்ற துண்டுகள். தீயைக் குறைத்து 7 அல்லது 8 நிமிடம். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள்; சட்டியைத் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். சதை முள்ளைவிட்டு விலக ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். மண்சட்டியின் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் வேகும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மூடிவைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்காருங்கள். உடனே ஊற்றிச் சாப்பிட்டால் குழம்பு வேறு, மீன் வேறாகத்தான் இருக்கும்.

கண்மாய் மீனுக்கும், அதாவது விரால், கெளுத்தி, கெண்டைக்கும் இதே முறைதான். மண்வாடை இருக்கும் என்பதால் கல் உப்பும் கொஞ்சம் புளியும் போட்டு நன்றாக உரசிக் கழுவுங்கள், பூண்டை இரண்டு பல் கூட்டிக்கொள்ளுங்கள்.

இறாலும் கணவாயும்

இறால் தொக்கு எளிது. வெங்காயம், பூண்டு, தக்காளியை எண்ணெய் பிரிய வதக்கி, பொடி 2 மேசைக்கரண்டி போட்டு, தொக்கு முழுக்கத் தயாரானபின் உரித்த கால் கிலோ இறாலைச் சேருங்கள். இறால் தானே தண்ணீர் விடும், நீங்கள் ஊற்ற வேண்டாம். நான்கு நிமிடம். நிறம் மாறி அரைவட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது. முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். இறாலோ நண்டோ சிலருக்கு ஒவ்வாது. விருந்தினருக்குச் சமைத்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கணவாய்க்குக் கணக்கு விசித்திரமானது. அதிகத் தீயில் மூன்று நிமிடம், இல்லையென்றால் மூடிபோட்டுச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். நடுவில் நிறுத்தினால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

நண்டு

நண்டை ஆய்வதுதான் பயமுறுத்தும். கடையிலேயே ஆய்ந்து கொடுப்பார்கள். நீங்களே செய்வதானால், வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும் மூடியைப் பிய்த்து, முதுகு ஓட்டைக் கழற்றி, இருபுறமும் வரிசையாக இருக்கும் சாம்பல்நிறச் செவுளை முழுக்க எடுத்துவிட்டு, உடம்பை இரண்டாக ஒடியுங்கள். பெரிய கால்களை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டால் மசாலா உள்ளே இறங்கும்.

மசாலாவுக்குத் தொக்குபோலவே வதக்கி, தேங்காயும் சோம்பும் மிளகும் அரைத்த விழுதும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்து, நண்டைப் போட்டு 12 முதல் 15 நிமிடம் மூடி வேகவிடுங்கள். நண்டைக் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்தாலும் மன்னித்துவிடும், இறால் மன்னிக்காது.

சின்ன நண்டும் மெல்லிய கால்களும் மிஞ்சினால் ரசம் வையுங்கள். எனக்கு மசாலாவைவிட இதுதான் பிடிக்கும். அவற்றை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, நான்கு டம்ளர் தண்ணீரில் மஞ்சளோடு 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஓட்டுத் தூள் தொண்டையில் குத்தும் என்பதால் துணியில் வடிகட்டுவது நல்லது. மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 5 இவற்றைத் தட்டி, நல்லெண்ணெயில் வதக்கி, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, வடிகட்டிய சாற்றை ஊற்றுங்கள். நுரைகட்டி வரும்போது இறக்கி மல்லித்தழை போடுங்கள். புளி கொஞ்சமாக இருக்கட்டும், இல்லாமலும் வைக்கலாம்.

புட்டும் கருவாடும்

சுறாப் புட்டு இந்தப் பக்கத்தில் பேர்போனது. ஆனால் சில சுறா இனங்களும் திருக்கை இனங்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. துண்டாக வெட்டி வைத்ததைப் பார்த்து எது எந்த இனம் என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் புதியவர்கள் பாறையிலோ சூரையிலோ செய்து பாருங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, நிறைய பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கி வதக்கியதில் போட்டு, ஈரம் வற்றி உதிரியாகும்வரை கிளறினால் புட்டு. கடைசியில் மிளகுத்தூள். ரசம் சோற்றுக்கு இதற்கு மிஞ்சியது இல்லை.

தடைக்காலத்துக்கு நெத்திலிக் கருவாடு. தலையைக் கிள்ளிப்போட்டு, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மேலே சொன்ன குழம்பையே தேங்காய் இல்லாமல் கூட்டி, கத்தரிக்காயும் மொச்சையும் முக்கால் பதம் வெந்தபின் கருவாட்டைச் சேருங்கள். உப்பு மட்டும் கடைசியில்தான். கருவாட்டில் எவ்வளவு நிற்கிறது என்பது கொதித்தபின்தான் தெரியும். சமைக்கும்போது சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

மீதமான மீன் குழம்பை இரவே ஒரு கொதி விட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை இட்லிக்கோ இடியாப்பத்துக்கோ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்குங்கள். முழுச் சட்டியையும் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால் துண்டுகள் உடைந்து குழம்போடு கரைந்துவிடும். மண்சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். கல் உப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். சைவக் குழம்புக்கு வேறு சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.